விதி கேட்கும் இயந்திரத்தை யார் வாங்குவது?

2025 நவம்பர் 1 – வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வி

"கடுமையான விதியும் புதிய இயந்திரமும் ஒன்றாக வந்து இறங்கினால் சிறுதொழில் பிழைக்காது. திருப்பூர் சாயப்பட்டறை, கோவில்பட்டித் தீப்பெட்டி, தெருமுனை நகைப் பட்டறை, சிவகாசிப் பட்டாசு என்று எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். மாசு, தரம், பாதுகாப்பு என்று சொல்லிச் சொல்லிப் பெரிய முதலாளிக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறார்கள். மறுப்பவர் இருந்தால் சொல்லுங்கள்."

2025 நவம்பர் 2, இரவு

பாதியை மறுக்கிறேன்.

1997இல் திருப்பூருக்கு வந்தேன். முதலில் கலர் மேட்சிங், பிறகு ஷிப்டுப் பொறுப்பு, இப்போது சாயக் கழிவுநீருக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. எங்கள் பட்டறையில் மின்சாரம் நின்றபோது மெஷினுக்குள் நேவி நீலத் துணி பாதிச் சாயத்தில் கிடந்தது. ஆறு பேர் சேர்ந்து அதைக் கயிறு இழுப்பதுபோல் கையால் இழுத்து வெளியே போட்டோம். தரையெல்லாம் நீலம். துணியில் ஒரு முழத்துக்கு ஒரு நிறம். அடுத்த நாள் காலை வேலைக்கு வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸோடு நின்றதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் அந்த மாதமே தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பின.

அதைப் பார்த்தவன் என்ற முறையில் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. கழிவுநீர் போய்ச் சேர்ந்த நொய்யல் ஆற்றின் பாசன விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்று 2006 இறுதியிலேயே கெடு வைத்தாகிவிட்டது. கெடு நீண்டது, நீண்டது, பிறகு அறுந்தது.

2025 நவம்பர் 3, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது: உப்பு.

வெளியில் இருப்பவர்கள் சாயக்கழிவு என்றால் நிறத்தைத்தான் நினைக்கிறார்கள். நிறம் கண்ணுக்குத் தெரியும், எடுக்கவும் முடியும். ஆற்றைக் கொன்றது உப்பு. பருத்தி நூல் தண்ணீரில் எதிர்மின் தன்மையோடு நிற்கிறது. நாங்கள் போடும் ரியாக்டிவ் சாயமும் அதே தன்மை. ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலை நெருங்கும். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரை போடுவோம். ஒரு கிலோ துணிக்கு ஏழு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அரை கிலோவுக்கு மேல் உப்பு. துணியில் அது தங்காது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும்.

பழைய சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பு போட்டு, படிய வைத்து, நிறத்தை ஓரளவு வெளுக்க வைத்து விட்டுவிடுவார்கள். உப்பு அப்படியே போகும். பாசனத்துக்கு என்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர்தான் வந்து தேங்கியது. 2004 வாக்கில் அணைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். கிணற்று மேட்டில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. தோட்டக்காரர் ஓர் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தார். கரித்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டார். பனியன் கம்பெனி என்று மட்டும் சொன்னேன். சாயப்பட்டறை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே ஐயா, அந்த விதியைப் பெரிய முதலாளிக்குப் போட்ட பாதை என்று மட்டும் சொல்ல என்னால் முடியாது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்தவர்கள்.

2025 நவம்பர் 5

"பிறகு திருப்பூர் எப்படிப் பிழைத்தது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சேர்ந்து பிழைத்தது. விதி கேட்ட இயந்திர வரிசை இது: நுண்ணுயிர்த் தொட்டி, நுண் வடிகட்டி, அதன் பின் எதிர்சவ்வூடு பரவல் – நாங்கள் ஆர்.ஓ. என்றே சொல்வோம். ஆர்.ஓ. நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிடும்; மிஞ்சுவது கடும் உப்பு நீர். அதில் ஒரு பகுதியை மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பலாம், உப்பு வாங்கும் செலவு குறையும். மீதியை ஆவியாக்கி, படிகமாக்கி, உப்பாக வாரி எடுக்க வேண்டும். ஆவியாக்கிக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். இதைத் தனிப் பட்டறைக்காரர் ஒருவர் வாங்கி ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. ஐம்பது, அறுபது பட்டறைகள் பங்குதாரர்களாகி ஒரு நிலையம் கட்டினார்கள். மாநில அரசு 2011இல் ஏறத்தாழ 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் குழாய், குழாயில் மீட்டர், ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோலிட்டர் என்று பங்கு.

இயந்திரத்தைப் பொதுவில் வைத்தார்கள், பட்டறையை அவரவர் கையில் வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழில் கண்டுபிடித்த மிக நல்ல விஷயம் இதுதான். நான் எழுதும் பேரேட்டில் இருபது கிலோலிட்டர் பங்குக்காரரும் இருக்கிறார், இருநூறு கிலோலிட்டர் பங்குக்காரரும் இருக்கிறார். கழிவுநீர் இருவருக்கும் ஒரே தொட்டியில்தான் கலக்கிறது.

என் வாதம் இவ்வளவுதான்: விதி தொழிலைக் கொல்வதில்லை. விதி கேட்கும் இயந்திரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டும் என்று வரும்போதுதான் சிறியவர் விழுகிறார்.

2025 நவம்பர் 6

பின்னலாடைக்காரர் ஒருவர், "பங்கு வாங்கப் பணம் இல்லாதவர் என்ன ஆனார்?" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி. துணியை உருளையில் சுற்றிச் சாயமேற்றும் விஞ்ச் மெஷின் ஒன்று, தொட்டி இரண்டு வைத்து, அண்ணன் தம்பியாக ஓட்டிய பட்டறைகள் திறக்கவே இல்லை. எனக்குச் சாயம் கலக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒரு பட்டறையின் முதலாளி. அதன் பிறகு வேறொருவர் பட்டறையில் மாஸ்டராகச் சம்பளத்துக்குப் போனார். இன்னும் சிலர் வேறு மாவட்டத்தில் வேறு ஆற்றங்கரைக்குப் போய் அதே தவறைத் தொடர்ந்தார்கள். மழை பெய்யும் இரவில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறவர்கள் இன்றும் பிடிபடுகிறார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு வெற்றிக் கதை சொன்னால் அது பொய்.

2025 நவம்பர் 8

பேச்சு நகைக்குத் திரும்பியிருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் 2009 முதல் நகை செய்யும் பத்தர் ஒருவர் குடியிருக்கிறார். பட்டறையும் அங்கேதான். அவரிடம் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹால்மார்க் என்ற தூய்மை முத்திரை கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இல்லாத நகையைக் கடையில் விற்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குக் கீழே இருந்தால் விலக்கு உண்டு. "பிறகென்ன, பத்தருக்குப் பாதிப்பே இல்லையே" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். காகிதத்தில் பார்த்தால் இல்லை. ஆனால் திருமாங்கல்யம் செய்ய வரும் அம்மா, "முத்திரை இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார். இல்லை என்றால் கடைக்குப் போய்விடுகிறார். விதி பத்தரைத் தொடவில்லை. விதி வளர்த்த எதிர்பார்ப்பு தொட்டுவிட்டது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 22 காரட் என்று வாங்கி, விற்கப் போகும்போது 19 என்று கேட்டு அழுத வீடுகள் எத்தனை. உரைகல்லில் தேய்த்து மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, பார்ப்பது அருமையான கலைதான்; பத்தர் கண் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கண் விற்கிறவர் பக்கம் இருந்தது. வாங்குகிறவர் பக்கம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. இன்று குறியீட்டைக் கைபேசியில் தட்டினால் எந்த மையத்தில் சோதித்தது, எவ்வளவு தூய்மை என்று வந்துவிடுகிறது.

2025 நவம்பர் 9

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. இது கொஞ்சம் நுட்பமானது, பொறுமையாகப் படியுங்கள்.

916 என்பது 24இல் 22 பங்கு, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். பத்தர் எடுத்துக்கொள்ளும் தங்கம் 916 ஆகவே இருக்கலாம். ஆனால் சங்கிலி என்றால் வளையத்துக்கு வளையம் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும் பொடி தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். ஆகவே அதில் செம்பும் வெள்ளியும் கூடுதல். மையத்தில் மாதிரி எடுத்து, ஈயத் தகட்டில் சுற்றி, உலையில் வைத்து, அமிலத்தில் பிரித்து நிறுக்கும்போது இணைப்புகளில் இருக்கும் பொடியும் கணக்கில் வந்துவிடும். வளையம் கூடக் கூட மாற்று குறையும். நேர்மையாகச் செய்த சங்கிலியே 916க்குக் கீழே விழுந்துவிடலாம்.

இதற்கு ஒரு காலத்தில் காட்மியம் கண்டுபிடித்தார்கள். கேடிஎம் நகை என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். தங்கத்தோடு காட்மியம் கலந்த பொடி. சூடு பட்டதும் காட்மியம் ஆவியாகிப் போய்விடும், இணைப்பில் தங்கம் மிஞ்சும். வாங்கியவருக்கு நல்ல மாற்று. ஆனால் ஆவியான காட்மியம் எங்கே போனது? ஊதுகுழலைப் பிடித்திருந்தவரின் நுரையீரலுக்குள். பத்தரின் மூத்த சகோதரர் அந்தப் பொடியில் பதினைந்து வருடம் ஊதினார். கடைசி வருடங்களில் எங்கள் மாடிப் படி ஏழும் ஏற மூன்று இடத்தில் நிற்பார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் கீழே இருந்து கேட்டிருக்கிறேன்.

இப்போது லேசர் வந்திருக்கிறது. பொடியே வேண்டாம், தங்கத்தையே ஒரு புள்ளியில் உருக்கி ஒட்டிவிடும். மாற்றும் குறையாது, நுரையீரலும் பிழைக்கும். விதியும் இயந்திரமும் சேர்ந்து வந்தால் அழிவு என்றீர்கள்; இங்கே இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பத்தருக்கு வாழ்வு. தடை ஒன்றே ஒன்று. லேசர் மெஷின் லட்சங்களில் இருக்கிறது. பத்தரின் சேமிப்பு மகள் கல்யாணத்தோடு முடிந்துவிட்டது.

2025 நவம்பர் 10

பட்டாசு பற்றி ஒரு சிறு குறிப்பு மட்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்தது. பசுமைப் பட்டாசுக்கான சூத்திரத்தை நாக்பூரில் உள்ள நீரி என்ற அரசுச் சுற்றுச்சூழல் ஆய்வகம் உருவாக்கிக் கொடுத்தது. அதாவது அறிவைப் பொதுவில் வைத்தார்கள், அது நல்லது. ஆனால் சரம் பின்னிக் கூலி வாங்கிய பெண்களின் கைக்குச் சூத்திரத்தில் இடமில்லை. சரவெடி போனதும் அந்த வேலையே போய்விட்டது. பின்னுகிற கைக்கு மாற்று என்ன என்று எந்தத் தீர்ப்பிலும் நான் படிக்கவில்லை.

2025 நவம்பர் 12

தீப்பெட்டி பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதுகிறேன்.

என் ஊர் சாத்தூர் பக்கம். அம்மா கட்டை அடுக்கினாள். பள்ளம் வெட்டிய மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குச்சி வைத்து, முழுக் கட்டையும் நிரம்பியதும் இறுக்கி அனுப்ப வேண்டும். அதைத்தான் மெழுகிலும் மருந்திலும் முக்குவார்கள். அம்மாவின் கட்டைவிரல் நுனி வழவழவென்று ரேகையில்லாமல் இருக்கும். என் அக்கா எட்டு வயதில் பெட்டி ஒட்டினாள். விடியலில் வேன் வரும். அக்காவைத் தூக்கத்திலேயே தூக்கி ஏற்றிவிட்ட காலைகள் உண்டு. நான் ஆண்பிள்ளை என்பதால் பள்ளிக்கூடம் போனேன்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அபாயத் தொழில் பட்டியலில் இருந்தன. அப்போதும் இதே வாதம்தான்: சட்டம் வந்தால் தொழில் செத்துவிடும், குடும்பங்கள் பட்டினி கிடக்கும். சாகவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. அட்டை மூட்டை வீட்டுக்கே வந்து இறங்கியது. அக்கா வேனில் போகாமல் வீட்டுத் திண்ணையில் ஒட்டினாள். பசை மணம் மட்டும் மாறவில்லை. குடும்பம் என்ற அந்த விலக்கு 2016 திருத்தத்தில்தான் அபாயத் தொழில்களுக்கு அடைபட்டது.

சிறுதொழில் வாழ வேண்டும் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும்போது, அந்தச் சிறுதொழில் எதன் மேல் நின்றது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அது என் அக்காவின் விரல் மேல் நின்றது. அந்த விதி இன்னும் பத்து வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2025 நவம்பர் 13

கோவில்பட்டி நண்பர் ஒருவர் வரிக் கணக்கை எடுத்து வைத்திருக்கிறார். சரியாகவே சொல்கிறார். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கைத்தயாரிப்புக்கு 5 விழுக்காடு, இயந்திரத் தயாரிப்புக்கு 18. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 என்று சமமாக்கினார்கள். கையால் செய்தவருக்கு இருந்த 13 விழுக்காடு இடைவெளி ஒரே நாளில் போயிற்று. எது கை, எது அரை இயந்திரம் என்று ஏமாற்று நடந்தது உண்மை. அதற்கு மருந்து கண்காணிப்பு. இடைவெளியையே அழித்தது சரியில்லை.

பெட்டி விலை 14 வருடம் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் லைட்டர் வந்து கடையை நிறைத்துவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. உதிரிப்பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் உதிரிப்பாகத்துக்கும் தடை.

இங்கே என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தீப்பெட்டியில் விதி எந்த இயந்திரத்தையும் கேட்கவில்லை. வரி விகிதம் என்ற ஓர் எண் மாறியது, அவ்வளவுதான். பங்கு போட்டு வாங்க அங்கே என்ன இருக்கிறது? நவம்பர் 5 அன்று "விதி கேட்கும் இயந்திரம்" என்று பொதுவாக எழுதிவிட்டேன். எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தாது. மாசு, தரம் பற்றிய விதிகளுக்குப் பொருந்தும் என்று திருத்திக்கொள்கிறேன்.

2025 நவம்பர் 16

இன்று நிலையத்தில் ஞாயிறு ஷிப்டு. உப்புக் கிடங்கைச் சுற்றி நடந்தேன். பதினான்கு வருடம் வாரி எடுத்த கலப்பு உப்பு, மூட்டை மூட்டையாய்க் கூரைக்குக் கீழே. சோடியம் குளோரைடும் சல்பேட்டும் சாய மிச்சமும் சேர்ந்து கெட்டித்து, பழுப்பு நிறம். இதை யாரும் வாங்குவதில்லை, கொட்டவும் கூடாது. ஆற்றுக்குப் போக வேண்டிய உப்பு மூட்டையில் உட்கார்ந்திருக்கிறது. உப்பே வேண்டாத சாய முறை வேண்டும் என்று எங்கள் ஊரில் பலர் முயல்கிறார்கள். அது வந்தால் இந்தக் கிடங்குக்கு வேலை இருக்காது. அந்த நாளைப் பார்க்க ஆசை.

மூட்டையைச் சுமக்கும் பெரியவர் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். நிலையத்தில் பட்டறைகளுக்குப் பங்கு உண்டு, அவருக்கு இல்லை. நவம்பர் 5 குறிப்பில் "சேர்ந்து பிழைத்தது" என்று எழுதியபோது அவரை நான் எண்ணியிருக்கவில்லை. முகக்கவசம் வாங்கக் கணக்கில் ஒரு தலைப்பு போடச் சொல்லி நாளை எழுதிக் கொடுக்கிறேன்.

2025 நவம்பர் 23

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "சாயப்பட்டறைக்கு அரசு கடன் கொடுத்தது, ஏற்றுமதிப் பணம் இருந்தது. உங்கள் மாடிப் பத்தருக்கு யார் நிலையம் கட்டுவார்கள்?" என்கிறார்.

குறு, சிறு தொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழும வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. நகைத் தொழிலும் அதில் வரும். ஆனால் நிலம், சங்கப் பதிவு, திட்ட அறிக்கை, பங்குத் தொகை என்று அந்தப் படிவம் கேட்பதை எழுதவே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தவர் லேசர் மெஷினையே வாங்கிவிடுவார். நீங்கள் சொல்வதில் இந்த இடம் உண்மை. மறுக்க மாட்டேன்.

2025 நவம்பர் 27

இந்தப் பேச்சை எல்லாம் பத்தருக்கு வாசித்துக் காட்டினேன். காட்மியம் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஒரு திருத்தம் சொன்னார்: அண்ணன் ஊதியது பதினைந்து வருடமல்ல, பதினெட்டு.

பிறகு, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் மொத்தம் ஐந்து பட்டறை மிஞ்சியிருப்பதாகச் சொன்னார். பழைய லேசர் மெஷின் ஒன்று கோவையில் விலைக்கு வருகிறதாம். ஐந்து பேரும் போட்டால் ஆளுக்கு ஒரு பங்கு. யார் வீட்டில் வைப்பது, யாருக்கு எந்த நேரம், தங்கத் துகள் விழுந்தால் யாருடையது, கரண்டு பில் எப்படிப் பிரிப்பது என்று நான்கு கேள்வியையும் அவரே கேட்டார். கரண்டுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்: தனி மீட்டர், ஆளாளுக்கு நேரக் குறிப்பு. எங்கள் நிலையத்தில் கிலோலிட்டருக்கு எழுதுவதை இங்கே மணிக்கு எழுத வேண்டும். துகளுக்கு, வேலை முடித்த ஒவ்வொருவரும் தட்டைத் துடைத்து அவரவர் டப்பியில் போட்டுக்கொள்வது என்று இப்போதைக்குப் பேசியிருக்கிறோம்.

மாடியின் பின் அறை காலியாக இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். புதுப் பேரேடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.